சாவி என் பாக்கெட்டில் இருந்தது, விமானத்தின் ப்ராப்பைத் (மூக்கில் சுற்றும் புரொப்பெல்லர்) தொட்டதற்கு ஏன் இவ்வளவு திட்டு?

கரூர்_பறவை எழுதியது:

வணக்கம் மக்களே. அரிசோனாவில் ஃபீனிக்ஸ் பக்கம் ஒரு ஃபிளையிங் ஸ்கூலில் படிக்கிறேன். பிரைவேட் லைசென்ஸ் போன மாதம்தான் கைக்கு வந்தது, மொத்தம் 71 மணி நேரம் ஓட்டியிருக்கிறேன், எல்லாம் செஸ்னா 172 என்ற நாலு சீட்டுச் சின்ன விமானத்தில். இரண்டு கேள்வி இருக்கிறது, ஒன்றை ஒட்டித்தான் இன்னொன்று என்பதால் ஒரே திரியில் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பறந்துவிட்டு வந்து, வண்டியை நிறுத்தி, எல்லா ஸ்விட்சையும் அணைத்து, சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஊருக்கு அனுப்ப ஒரு போட்டோ வேண்டும் என்று நண்பனை எடுக்கச் சொல்லிவிட்டு மூக்குக்கு முன்னால் போய் நின்றேன். ப்ராப் சாய்வாக நின்று என் முகத்தை மறைத்தது, அதனால் அதைக் கையால் பிடித்து ஒரு கால் சுற்று திருப்பி நேராக்கினேன். அவ்வளவுதான் செய்தேன். அந்தக் கோடியில் பெட்ரோல் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற ரேம்ப் (விமானங்களை நிறுத்தும் தளம்) ஆள், அறுபது வயது இருக்கும், கத்திக்கொண்டே ஓடி வந்தார். நான் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்தால் அடங்குவார் என்று நினைத்தால் கோபம் இன்னும் ஏறியது. "சாவியைக் காட்டாதே, கையைக் காட்டு, பத்து விரலும் இருக்கிறதா என்று எண்ணு" என்றார். அப்புறம் ஸ்கூலிலும் சொல்லி, ஒரு வாரம் தனியாகப் பறக்கக்கூடாது என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

"ப்ராப் கிட்டே போகாதே" என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது ஓடும்போதுதானே? ஊரில் அப்பாவின் பைக்கில் சாவியை எடுத்துவிட்டால் நாள் முழுக்கக் கிக்கரை உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. சாவி என்னிடம், பேட்டரி ஆஃப், இதில் என்ன ஆகிவிடும்?

இரண்டாவது விஷயம்: நவம்பரில் அப்பா, அம்மா, அக்கா மகள் மூவரும் வருகிறார்கள். பாப்பாவுக்கு ஆறு வயது, ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். மூவரையும் ஒரு ரவுண்டு கூட்டிப்போக ஆசை. அம்மா ஏற்கெனவே பயத்தில் இருக்கிறார், நான் வேறு ஏதாவது சொல்லி வைத்தால் ஏறவே மாட்டார். இந்தத் தரைச் சமாச்சாரத்தை எல்லாம் வீட்டு ஆட்களுக்கு எப்படிச் சொல்வது? இன்னொன்று, சிரிக்காதீர்கள், "பூஜை போடாமல் நான் எந்த வண்டியிலும் ஏறமாட்டேன்" என்று அம்மா ஒரே பிடிவாதம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், தேங்காய், கற்பூரம், எல்லாம் இருக்கிறது லிஸ்டில்.


சும்மா_வந்தேன் எழுதியது:

விமானத்துக்குத் தேங்காய் சுற்றி உடைக்கும் போட்டோவை மறக்காமல் இங்கே போடவும்.

மற்றபடி, அமெரிக்காவில் எதற்கெடுத்தாலும் சேஃப்டி சேஃப்டி என்று குதிப்பார்கள், இதெல்லாம் ஓவர் சீன் நண்பா. பழைய விமானங்களைக் கிளப்பும் வீடியோக்களைப் பாருங்கள், நாலு பேர் வரிசையாக வந்து ப்ராப்பைக் கையால் சுற்றிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு விரல் இல்லையா?


ஹேங்கர்_சேகர் எழுதியது:

மேலே உள்ள பதிலை யாரும் நம்பி எதையும் தொட வேண்டாம். அதற்குக் கடைசியில் வருகிறேன். நான் பிஸ்டன் என்ஜின் பார்க்கும் ஏ.எம்.இ., அதாவது விமானப் பராமரிப்பு என்ஜினியர், 16 வருஷம் ஆகிறது.

தம்பி, உன் பைக் உதாரணத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். பழைய கிக்கர் பைக்குகள் பலவற்றில் சாவி வேலை செய்யும் விதம் நீ நினைப்பதற்கு நேர்மாறு. சாவியை ஆஃப் செய்தால் கரண்ட் நிற்பதில்லை, இக்னிஷன் ஒயர் பாடியோடு எர்த் ஆகிறது, அதனால் பிளக்குக்குப் பொறி போவதில்லை. அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டால் சாவியே இல்லாமல் வண்டி ஓடும். பைக் திருடர்களுக்கு இது அத்துப்படி.

உன் 172-ல் இருப்பதும் அதே சங்கதிதான். என்ஜினுக்குப் பின்னால் இரண்டு மேக்னெட்டோ இருக்கிறது. உள்ளே ஒரு காந்தம், பக்கத்தில் ஒரு காயில், என்ஜின் சுற்றினால் காந்தம் சுற்றும், பொறி வரும். பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. நடுவானில் பேட்டரி, ஆல்டர்னேட்டர் எல்லாம் செத்தாலும் என்ஜின் ஓட வேண்டும் என்பதற்காகவே இப்படி வைத்திருக்கிறார்கள். மேலே இருக்கும்போது எது உன்னைக் காப்பாற்றுகிறதோ அதே சாமான்தான் தரையில் உன் கையை எடுக்கும். பேட்டரியின் மாஸ்டர் ஸ்விட்சை அணைத்தேன் என்று சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மேக்னெட்டோவிலிருந்து உன் சாவி ஸ்விட்சுக்கு ஒரு ஒயர் வருகிறது, பி-லீட் என்போம். ஆஃப் என்றால் அந்த ஒயர் எர்த் ஆகிறது என்று அர்த்தம். வீட்டில் ஒயர் அறுந்தால் லைட் அணையும். இங்கே அறுந்தால் மேக்னெட்டோ எப்போதும் உயிரோடு இருக்கும், நீ சாவியை எங்கே வைத்துக்கொண்டாலும். என்ஜின் நடுங்கி நடுங்கி அந்த ஒயர் முனையில் விட்டுப்போவது ஒன்றும் அபூர்வம் இல்லை, நானே பலமுறை பார்த்து மாற்றியிருக்கிறேன். அது போதாதென்று தேய்ந்துபோன ஸ்விட்சில் சாவி ஆஃபுக்கு முழுசாக வராமல் வலது மேக்னெட்டோவில் நிற்கும்போதே கழன்று கையோடு வரும். ஆகவே பாக்கெட்டில் இருந்த சாவி எதற்கும் சாட்சி இல்லை. அந்தப் பெரியவருக்குக் கோபம் கூடியது நீ சாவியைக் காட்டியதால்தான்.

"மெதுவாகத்தானே திருப்பினேன், அதில் என்ன பொறி வரும்" என்று அடுத்துக் கேட்பாய். ப்ராப்பைத் திருப்பும்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வந்ததா? அதுதான் இம்பல்ஸ் கப்ளிங். ஸ்டார்டர் மெதுவாகச் சுற்றும்போதும் நல்ல பொறி வர வேண்டும் என்று ஒரு ஸ்பிரிங்கை முறுக்கி வைத்து, சரியான நேரத்தில் படாரென்று விடும். உன் கை மெதுவாகப் போனாலும் காந்தம் வேகமாகத்தான் சுண்டும். நாலு சிலிண்டர் என்ஜினில் ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் ஏதோ ஒரு சிலிண்டர் வெடிக்கும் கட்டத்துக்கு வருகிறது, நீ திருப்பியது கால் சுற்று. கணக்கை நீயே போட்டுக்கொள். அப்போதுதான் பறந்துவிட்டு வந்த சூடான என்ஜின் வேறு, அரிசோனா வெயில் வேறு. மிக்ஸ்சரை (என்ஜினுக்குப் போகும் பெட்ரோலை அடைக்கும் கைப்பிடி) முழுக்க இழுத்து நிறுத்தியிருந்தாலும் சிலிண்டரில் கொஞ்சம் ஆவி தங்கியிருக்கலாம். உள்ளே படிந்த கரி கனன்றுகொண்டிருந்தால் பொறிகூடத் தேவையில்லை. என்ஜின் முழுசாக ஸ்டார்ட் ஆகி ஓட வேண்டும் என்பதும் இல்லை, ஒரே ஒரு உதை உதைத்து நின்றாலும் போதும், அதற்குள் உன் கை இருந்த இடத்தை பிளேடு கடந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நிறுத்துவதற்கு முன் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், ஓடும்போது சாவியை ஆஃபுக்குக் கொண்டுபோய் உடனே திருப்பிக் கொண்டுவா. என்ஜின் சாகப் பார்க்க வேண்டும். சாகாமல் ஜம்மென்று ஓடினால் மேக்னெட்டோ எர்த் ஆகவில்லை. மிக்ஸ்சரை இழுத்து நிறுத்திவிட்டு, ஹேங்கரில் சொல்லி, ப்ராப்பில் ஒரு சீட்டும் கட்டிவிட்டு வா. உன் ஸ்கூலில் இந்தச் செக்கை எந்த முறையில், எத்தனை நாளுக்கு ஒரு தடவை செய்யச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள். ஆனால் நேற்று செக் செய்தேன் என்று இன்றைக்குப் போய்த் தொடக்கூடாது, ஒயர் இன்று காலையிலும் அறுந்திருக்கலாம்.

சும்மா_வந்தேன் பார்த்தது ரேடியல் என்ஜின், அதாவது சிலிண்டர்கள் வட்டமாகச் சுற்றி நிற்கும் என்ஜின், வீடியோவாக இருக்கும். அதில் கீழே தொங்கும் சிலிண்டர்களில் இரவெல்லாம் எண்ணெய் இறங்கித் தேங்கும், அப்படியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அதனால் முதலில் கையால் சுற்றி எண்ணெய் தடுக்கிறதா என்று பார்க்கிறார்கள். அங்கேயும் உயிரோடு இருக்கும் ப்ராப் என்று நினைத்துத்தான் பிடிக்கிறார்கள். எங்கே நிற்பது, எப்போது விலகுவது என்று பழகின கூட்டம் அது. போட்டோவுக்குத் திருப்புவது வேறு கதை.


புஷ்பக்_தாத்தா எழுதியது:

சேகர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். என் பேரன்தான் இந்தத் திரியைக் காட்டினான், தட்டச்சுப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நான் 1980களில் ஒரு ஃபிளையிங் கிளப்பில் ஹெல்ப்பராக இருந்தவன். அங்கே புஷ்பக் விமானங்கள் இருந்தன, நம் எச்.ஏ.எல். செய்தது, 90 குதிரைசக்தி என்ஜின், செல்ஃப் ஸ்டார்டர் கிடையாது, கையால்தான் சுழற்ற வேண்டும். தினம் காலையில் அதுதான் என் வேலை. வாயால் சொல்லி, பதில் வாங்கி, அதற்குப் பிறகே தொட வேண்டும். நான் "ஸ்விட்ச் ஆஃப்" என்று கத்துவேன், உள்ளே இருப்பவர் ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு "ஸ்விட்ச் ஆஃப்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். நாலு பிளேடு சுற்றிப் பெட்ரோலை உள்ளே இழுத்தபின் "காண்டாக்ட்" என்பேன், அவரும் "காண்டாக்ட்" என்று சொல்லிவிட்டு ஸ்விட்சைப் போடுவார். சக்கரத்துக்குக் கட்டை, பிரேக், எல்லாம் பார்த்த பிறகு. விரலை பிளேடின் ஓரத்தில் மடக்கிப் பிடிக்கக்கூடாது, உள்ளங்கையால் தட்டையாக அழுத்தி இழுக்க வேண்டும், இழுக்கும் வேகத்திலேயே உடம்பு பின்னால் போக வேண்டும், முன்னால் சாயக்கூடாது. தரையில் ஈரப் புல்லோ சரளையோ இருந்தால் முதலில் அதைப் பெருக்கிவிட்டுத்தான் நிற்பேன்.

ஒரு மழைக்கால காலை. மாணவர் ஒருவர் உள்ளே. நான் "ஸ்விட்ச் ஆஃப்" என்றேன், அவரும் "ஆஃப்" என்றார். பாவம், வாய்ப் பழக்கம், கையால் தொட்டுப் பார்க்கவில்லை. பெட்ரோல் இழுக்கச் சும்மா சுற்றுகிறேன், மூன்றாவது பிளேடில் என்ஜின் பிடித்துக்கொண்டது. என் சட்டையின் கீழ்ப் பொத்தான் போய்விட்டது, அது மட்டும்தான் போனது. ஆஃபாக இருக்கும்போதும் உயிரோடு இருக்கிற மாதிரியே நினைத்து இழு என்று எனக்குக் கற்றுக்கொடுத்த மேஸ்திரிக்கு அன்றைக்கு ஒரு கும்பிடு போட்டேன். கையில் வாட்ச், மோதிரம், தொளதொள சட்டை எதுவும் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். இன்றைக்கும் நான் வாட்ச் கட்டுவதில்லை.

உன்னைத் திட்டிய பெரியவரைப் போய்ப் பார்த்து ஒரு காபி வாங்கிக் கொடு.


கரூர்_பறவை எழுதியது:

சேகர் அண்ணா, அந்த 'டக்' சத்தம் வந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தாத்தா, நாளைக்கே காபி.

சரி, எனக்கே 71 மணி நேரம் ஓட்டியும் இது உறைக்கவில்லை, அம்மாவுக்கும் பாப்பாவுக்கும் எப்படிச் சொல்வேன்?


டாலஸ்_மாலதி எழுதியது:

நான் டெக்சஸில் ஒன்பது வருஷமாக இன்ஸ்ட்ரக்டர். தம்பி, அம்மாவுக்கு மேக்னெட்டோ பாடம் எல்லாம் வேண்டாம். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான், மீதி எல்லாம் நீ செய்ய வேண்டியது.

நீ செய்ய வேண்டியதில் முதலும் கடைசியும் இது: என்ஜின் ஓடும்போது யாரும் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ப்ராப் முழுசாக நின்ற பிறகே கதவு திறக்க வேண்டும். "அப்பா போட்டோ எடுக்க அவசரமாக இறங்குகிறார்", "பாப்பாவுக்கு வாந்தி வருகிறது", "அடுத்த ஆளை ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பிவிடலாம்", எந்தக் காரணமும் செல்லாது. வாந்தி வந்தால் உள்ளேயே எடுக்கட்டும், கழுவிக்கொள்ளலாம்.

2011 டிசம்பரில் எங்கள் டாலஸ் பக்கமே நடந்தது. கிறிஸ்துமஸ் விளக்கு அலங்காரத்தை மேலிருந்து பார்க்க ஒரு இளம்பெண்ணைச் சின்ன விமானத்தில் கூட்டிப்போனார்கள். இருட்டில் இறங்கி, என்ஜினை நிறுத்தாமலே அந்தப் பெண்ணை இறக்கிவிட்டார்கள். இறங்கினவர் முன்பக்கமாக நடந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் இடது கையும் இடது கண்ணும் போயின. அவர் அசட்டுத்தனமாக ஏதும் செய்யவில்லை. காரில் இருந்து இறங்கினால் முன்னால் சுற்றிக்கொண்டு நடப்போம் இல்லையா, அந்தப் பழக்கம்தான்.

ஓடும் ப்ராப் கண்ணுக்குத் தெரியாது என்பதை வீட்டு ஆட்கள் நம்பமாட்டார்கள். "இவ்வளவு பெரிய சாமான் எப்படித் தெரியாமல் போகும்" என்பார்கள். சீலிங் ஃபேனை அஞ்சில் வைத்து மேலே பார்க்கச் சொல். உன் 172-ன் ப்ராப் 76 அங்குல விட்டம், கிட்டத்தட்ட அப்பா உயரத்துக்கு மேல். ஐடிலில் நிமிஷத்துக்கு 700 சுற்று என்று வைத்துக்கொண்டால் நுனி மணிக்குச் சுமார் 250 கி.மீ. வேகத்தில் போகிறது, இதைத்தான் நாம் 'சும்மா ஓடுது' என்கிறோம். இரண்டு பிளேடு என்பதால் ஒரே இடத்தை ஒரு வினாடிக்கு 23 தடவை கடக்கிறது. சாதாரணமாக நடக்கிற ஆள் இரண்டு பிளேடுக்கு நடுவே ஆறு சென்டிமீட்டர்தான் நகர்ந்திருப்பார். "கையை நீட்டிப் பட்டென்று இழுத்துக்கொள்வேன்" என்பதற்கெல்லாம் இடமே இல்லை. சத்தம் வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, கிட்டே போனால் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வருகிற மாதிரிதான் இருக்கும்.

வீட்டு ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதை நான் வண்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்வதே இல்லை. கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலிலேயே சொல்லிவிடுவேன், ஏர்போர்ட்டுக்குப் போனதும் எல்லோருக்கும் போட்டோதான் ஞாபகம் இருக்கும். 172-ல் இறக்கையைத் தாங்கி ஒரு கம்பி சாய்வாக நிற்கிறதே, ஸ்ட்ரட், அதுதான் லட்சுமணன் கோடு என்று சொல்லிவிடு. அந்தக் கம்பிக்கு முன்னால் ஓர் அடிகூட வைக்கக்கூடாது, என்ஜின் ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி. எப்போதும் வால் பக்கமிருந்து வந்து ஏறி, வால் பக்கமாகவே போக வேண்டும். இராமாயணம் தெரிந்த வீட்டில் இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்காது. பைப்பர் மாதிரி இறக்கை கீழே இருக்கும் வண்டியில் இறக்கை மேல் மிதித்துத்தான் ஏற வேண்டும், அங்கேயும் பின்னாலிருந்துதான்.

அம்மா சேலையில் வருவார்களா? முந்தானையை இழுத்துச் சொருகி, மேலே ஸ்வெட்டரைப் போட்டுவிடு. நீளச் சடை என்றால் கொண்டையாகப் போடச் சொல். ஓடும் விமானத்துக்குப் பின்னால் அடிக்கும் காற்று முந்தானை, துப்பட்டா, தொப்பி எல்லாவற்றையும் பறக்கவிடும், அது உன் வண்டியாகவே இருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் வேறு யாராவது கிளப்பினாலும் போதும். தொப்பி பறந்தால் துரத்துவது மனுஷ சுபாவம், யோசிப்பதற்குள் கால் ஓடிவிடும். அதனால் தொப்பியே வேண்டாம். அப்பா குல்லா போடுகிறவர் என்றால் காரிலேயே வைத்துவிட்டு வரச் சொல். சேலையில் செஸ்னாவில் ஏறுவது கொஞ்சம் சிரமம், பின் சீட்டுக்கு முதலில் அம்மாவை ஏற்றிவிட்டு அப்புறம் பாப்பாவைக் கொடு.

பாப்பாவுக்கென்று ஒரு பெரிய ஆள் வேண்டும், அவருக்கு வேறு வேலையே இருக்கக்கூடாது. போன் பேசுவது, வீடியோ எடுப்பது எதுவும் இல்லை. கேட்டைத் தாண்டிய நிமிஷத்திலிருந்து திரும்ப கேட்டைத் தாண்டும் வரை கையை விடக்கூடாது. அந்த ஆள் நீயாக இருக்கவும் முடியாது, உனக்கு வண்டியைச் சுற்றிப் பார்க்கும் வேலை இருக்கிறது. அந்தச் சுற்றுவேலையை முடித்துவிட்டு அவர்களை உள்ளே கூப்பிடு, அதுவரை லவுஞ்சிலேயே உட்காரட்டும். கூட்டமாக நின்று பேசிக்கொண்டே செக் செய்தால் நீயே ஏதாவது விடுவாய்.

சொல்ல மறந்தேன், நெற்றி. 172-ன் இறக்கைப் பின்விளிம்பும், இறக்கிவிட்ட ஃபிளாப்பும் (இறக்கையின் பின்பக்கம் கீழே இறங்கும் பலகை) சரியாக நம் ஊர்க்காரர்கள் நெற்றி உயரத்துக்கு இருக்கும். இடித்துக்கொண்டு விழும் தழும்புக்கு இங்கே 'செஸ்னா டைமண்ட்' என்றே கேலிப் பெயர் உண்டு. அப்பாவின் விபூதிப் பட்டைக்கு மேலே இன்னொரு பட்டை விழ வேண்டாம்.

கடைசியாக, நீ ஸ்டார்ட் செய்யும்போது "க்ளியர் ப்ராப்" என்று கத்துவாய் இல்லையா, பல பேர் கத்திக்கொண்டே சாவியையும் திருப்பிவிடுகிறார்கள். அது யாருக்காகக் கத்துவது? சிவப்பு பீக்கன் விளக்கைப் போடு, ஜன்னலைத் திறந்து கத்து, இரண்டு பக்கமும் பார், மூணு எண்ணு, அப்புறம் திருப்பு. அம்மா சிரிப்பார்கள், பரவாயில்லை.


கோவை_சுமதி எழுதியது:

எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது, ஆனால் இதைப் படிக்கும்போது கேதார்நாத் ஞாபகம் வந்தது, சொல்லிவிட்டுப் போகிறேன். அப்பா அம்மாவுக்கு நடக்க முடியாது என்று ஃபாட்டாவிலிருந்து ஹெலிகாப்டரில் போனோம். ஒவ்வொருவரையும் எடை போட்டுத்தான் ஏற்றினார்கள். அங்கே மாலதி மேடம் சொன்ன கதை நேர் எதிர், ஹெலிகாப்டர் நிற்பதே இல்லை, மேலே இறக்கை சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு கூட்டம் இறங்கும், அடுத்த கூட்டம் ஏறும், சில நொடி வேலைதான். அதனால்தான் ஆளுக்கு ஆள் கையைப் பிடித்துக் கூட்டிப்போக அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பையன் அப்பாவின் பிடரியில் கை வைத்து அழுத்தியே கூட்டிப்போனான். அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம், "என்னமா தலையைப் பிடிச்சு அமுக்கறான்" என்று திரும்பி வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த ஹெலிபேடிலேயே 2023 ஏப்ரலில், கோவில் நடை திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, அந்த மாநிலத்து விமானத்துறை அதிகாரி ஒருவரே வால் பக்கம் சுற்றும் இறக்கையில் பட்டு இறந்துபோனார் என்று அப்புறம்தான் தெரிந்தது. யாத்திரைக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனவர்களில் ஒருவர். அப்பாவிடம் அதைச் சொன்னதும் அந்தப் பையனைப் பற்றிய பேச்சு நின்றது.


ஹேங்கர்_சேகர் எழுதியது:

சுமதி அம்மா சொன்னதில் ஒன்று கவனிக்க வேண்டியது: விமானத்துக்குப் பின்னாலிருந்து வா என்றால் ஹெலிகாப்டருக்கு முன்னாலிருந்து, பைலட் கண்ணில் படும்படி வர வேண்டும், வால் பக்கம் போகவே கூடாது. சரிவான இடமென்றால் பள்ளத்துப் பக்கமிருந்துதான் வர வேண்டும், மேட்டுப் பக்கம் மேலே சுற்றும் இறக்கை தரைக்கு இன்னும் கிட்டே இருக்கும். 2022 ஜூலையில் கிரீஸில் 22 வயது பிரிட்டிஷ் பையன் ஒருவன் வாடகை ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிப் பின்பக்கம் போய் இறந்தான், அதுவும் வால் சுழலிதான். தம்பி வீட்டு ஆட்களிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் குழப்ப வேண்டாம், செஸ்னாவை மட்டும் சொன்னால் போதும்.

இப்போது பூஜைக்கு வருவோம். இதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எங்கள் ஹேங்கரில் ஆயுதபூஜைக்குச் செய்கிறோம், எல்லா வண்டிக்கும் சந்தனம் குங்குமம் உண்டு.

கற்பூரம் கூடவே கூடாது. 172-ல் பெட்ரோல் டேங்க் இரண்டு இறக்கையிலும் இருக்கிறது, இடது இறக்கைக்கு அடியில் ஸ்ட்ரட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்குமே, அது டேங்கின் காற்றுத் துளை. டேங்கை நிரப்பி வெயிலில் விட்டால் பெட்ரோல் விரிந்து அதன் வழியாகச் சொட்டும். நீலமாகத் தரையில் கறை பார்த்திருப்பாய். அதற்குக் கீழே ஆரத்தித் தட்டைச் சுற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏர்போர்ட்டில் உன்னை வெளியே தள்ளிக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், அது நியாயமும்கூட. அப்பா பீடி சிகரெட் பிடிப்பவர் என்றால் அதுவும் காரோடு சரி.

தேங்காய் ரேம்ப்பில் வேண்டாம். சிதறும் ஓட்டை எவ்வளவு பொறுக்கினாலும் ஒன்றிரண்டு தங்கும். ப்ராப் ஓடும்போது தரையில் கிடக்கும் கல், ஓடு எல்லாவற்றையும் மேலே உறிஞ்சும், பிளேடில் பட்டால் பல்லுப் பல்லாக வெட்டு விழும், அந்த வெட்டிலிருந்து விரிசல் ஆரம்பிக்கும். நான் வாரத்துக்கு ஒரு பிளேடாவது அரம் போட்டு ராவுகிறேன். அடுத்த பக்கம் நிற்பவர் கண்ணுக்கும் அந்த ஓடு போகலாம். தேங்காயை வீட்டு வாசலில் உடைத்துவிட்டு வரட்டும், சாமிக்குத் தூரம் ஒரு கணக்கா?

எலுமிச்சம்பழம் சரி. ஆனால் இரண்டு பின்சக்கரத்துக்கு மட்டும். முன்சக்கரம் வேண்டாம், அது ப்ராப்பை ஒட்டிக் கீழே இருக்கிறது, அங்கே வீட்டு ஆட்கள் யாரும் குனிந்து எதையும் வைக்கக்கூடாது. என்ஜின் ஓடிக்கொண்டு பழத்தை நசுக்குவதும் வேண்டாம், டவ் பாரை (முன்சக்கரத்தில் மாட்டும் இழுப்புக் கம்பி) நீயே மாட்டிக் கையால் தள்ளி ஏற்று, நசுங்கினதை உடனே எடுத்துப் பையில் போட்டுவிடு, அப்புறம் மற்ற வேலையைப் பார்.


சும்மா_வந்தேன் எழுதியது:

சேகர் சார், மன்னிக்கவும், நான் பார்த்தது ரேடியல்தான். இப்போது மறுபடி போய்ப் பார்த்தேன். தள்ளுகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பிளேடைத் தள்ளிவிட்டு நிற்காமல் அப்படியே நடந்து வெளியே போகிறார்கள். முதல் தடவை பார்க்கும்போது ஏதோ விளையாட்டு மாதிரி இருந்தது.


கரூர்_பறவை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு நேற்று போன் போட்டேன். மேக்னெட்டோ பேச்சையே எடுக்கவில்லை. லட்சுமணன் கோடு என்று சொன்னதும் "அது சரி, கோட்டைத் தாண்டினா ராவணன் வருவான், வேற யாரு வருவா" என்று அவரே முடித்துவிட்டார். பாப்பாவைப் பிடித்துக்கொள்ளும் வேலையை அப்பா ஏற்றுக்கொண்டார், ஒரே நிபந்தனை, பறக்கும்போது முன் சீட்டு தனக்கு வேண்டுமாம். தேங்காய் வாசலோடு நிற்கும். கற்பூரத்துக்குப் பதிலாக வீட்டிலிருந்து விபூதி எடுத்து வருகிறாராம், அதில் யாரும் தப்புச் சொல்ல முடியாது என்றார்.

ரேம்ப் பெரியவருக்குக் காபி கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், சிரிக்கவில்லை. இடது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கிறது, இத்தனை மாதத்தில் நான் கவனித்ததே இல்லை. எப்படி என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மாலதி அக்கா, மூணு எண்ணும் பழக்கத்தை இன்றைக்கு ஆரம்பித்தேன். இரண்டாவது எண்ணும்போது பின்னால் ஒருவர் சைக்கிளில் போனார்.


டாலஸ்_மாலதி எழுதியது:

முன் சீட்டு அப்பாவுக்கா? அப்படியென்றால் பின் சீட்டில் பாப்பாவை அம்மாதான் பிடித்துக்கொள்ள வேண்டும், அம்மாவிடமும் கேட்டுவிடு. நாலு பேர் எடையையும் அன்றைய வெயிலையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாயா? டேங்கை முழுசாக நிரப்ப முடியாமல் போகலாம். அதற்குத் தனித் திரி போடு, இங்கே ஆரம்பித்தால் முடியாது.


ஹேங்கர்_சேகர் எழுதியது:

பழத்தைத் தள்ளி நசுக்கிய பிறகு டவ் பாரைக் கழற்ற மறக்காதே. ப்ராப்புக்குக் கீழே அது மாட்டிக்கொண்டிருக்கும்போதே ஸ்டார்ட் செய்தவர்களை எனக்குத் தெரியும், பூஜை பரபரப்பில் நீயும் செய்வாய். கழற்றி உள்ளே வைத்துவிட்டு அம்மாவிடம் காட்டு, அவர் சரி என்று சொன்னபிறகு ஏறு.